மீத்தேனைத் தடுத்த சட்டம் பிளாட்டைத் தடுக்குமா? டெல்டா நிலத்தில் என்ன நடக்கிறது?

தஞ்சாவூர் பைபாஸில் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் நடவு வயல். ஒட்டியே கிராவல் கொட்டி மேடாக்கிய மனை, கலர் கொடிகள், 'நகர்' என்று முடியும் போர்டு. "டெல்டாதான் வேளாண் மண்டலம் ஆச்சே, இது எப்படி?" என்று கேட்கத் தோன்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020 பிப்ரவரியில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் இதில் வந்தன. மீத்தேன், ஷேல் கேஸ், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை எனத் தடை செய்யப்பட்ட தொழில்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. வீட்டுமனை அதில் இல்லை.

அப்போ மனைக்கு யார் பொறுப்பு?

1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். திட்டப் பகுதிக்கு வெளியே விளைநிலத்தை மனையாக்க டிடிசிபி அனுமதி வேண்டும்; நஞ்சை என்றால் கலெக்டரின் இசைவும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு மனுவும் தனித்தனியாகத்தான் போகிறது. ஒரே வாய்க்காலில் மொத்தம் எத்தனை வயல் போச்சு என்ற கணக்கு அதில் வராது.

ஏன் விற்கிறார்கள்?

வயலை வாங்குவது மா கணக்கில். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. விற்பதோ சதுர அடிக் கணக்கில். ரோடு, பூங்காவுக்கு விட்டது போக மிஞ்சும் லாபத்தோடு நெல்லால் போட்டி போட முடியாது.

பக்கத்து வயலுக்கு என்ன ஆகும்?

டெல்டாவில் தண்ணீர் வயலுக்கு வயல் பாயும், மிச்சம் வடிகாலில் இறங்கும். நடுவில் ஒரு மனை மேடானால் கீழ் வயல் காயும். ஐப்பசி மழையில் மேல் வயல் வடியாமல் சம்பா அழுகும். ரெண்டு போகம் நஷ்டமானால் அவரும் புரோக்கரைத் தேடுவார். 'விருப்பப்பட்டு வித்தார்' என்றுதான் பத்திரம் சொல்லும்.

ஊர் என்ன செய்யலாம்?

ஹைட்ரோகார்பனுக்கு எதிராகத் தீர்மானம் போட்ட அதே கிராம சபையில், வாய்க்கால் அடைபட்டதையும் பேசலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அது ஊர் சொத்து. இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்களே மனை வாங்கப் போகிறீர்களா? டிடிசிபி நம்பரோடு நிறுத்தாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். அதில் வாய்க்கால் ஓடி, மனையில் அது காணாமல் போயிருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் யோசியுங்கள். மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.