ஒரு பாட்டும் மூன்று மெட்டும்

பாரதியாரின் 'கண்ணன் பாட்டு' நூலாக வெளிவந்தது 1917-இல். அதிலுள்ள 'கண்ணம்மா - என் குழந்தை' பாடலுக்குப் பைரவி இராகமும் ரூபக தாளமும் குறிக்கப்பெற்றுள்ளன. 'மணமகள்' (1951) திரைப்படத்தில் சி.ஆர். சுப்பராமன் அதனை இராகமாலிகையாக்க, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினர். இராகம் மாறுந்தோறும் தாயுள்ளத்தின் களிப்பு உருக்கமாகக் கனிகின்றது. 'நீதிக்குத் தண்டனை' (1987) படத்திற்கு எம்.எஸ். விசுவநாதன் வேறு மெட்டமைத்தார். ஜேசுதாசுடன் பாடிய சுவர்ணலதாவுக்கு அதுவே முதல் திரைப்பாடல், கேட்போர் நம்பார்!

பாரிவாக்கத்தில் எம் இல்லத்துப் பிள்ளைகளை உறங்கவைத்தது சுப்பராமன் மெட்டே. அதனையே பாரதி அமைத்த மெட்டென்று யாமும் நெடுநாள் எண்ணி, வகுப்பிலும் கூறியதுண்டு. பைரவிக் குறிப்பை நூலிற் கண்ட பின்னரே பிழை உணர்ந்து, மாணவரிடம் திருத்திக் கூறினோம். வீட்டில் மட்டும் மெட்டை மாற்ற மனம் ஒப்பவில்லை.