பழைய லொறிக்கு ஏற்ற எஞ்சின் எது?

பழம்பொருளைப் பேணுதல் வேறு. அதனைப் பயன்கொள்ளுதல் வேறு. இரண்டையும் ஒருங்கே விரும்புவோர் படும் சங்கடத்தைப் பழைய மோட்டார் லொறிகளைப் புதுக்கி ஓட்டும் அமெரிக்கர் நன்கறிவர். 1947 ஆம் ஆண்டு முதல் 1955 இன் முற்பகுதி வரை செவ்ரலே நிறுவனம் அங்கு விற்பனை செய்த லொறிகளை இன்றும் பலர் போற்றி வைத்திருக்கின்றனர். அவற்றுள் ஒன்றை வாங்கியவர் முன் எழும் முதற் கேள்வி, அதனோடு வந்த எஞ்சினையே புதுக்குவதா, அன்றிப் பின்னர் வெளிவந்த எஞ்சினைப் பொருத்துவதா என்பதாகும்.

ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்திய எஞ்சினைச் செவ்ரலே தனது 1929 ஆம் ஆண்டு வாகனங்களில் அறிமுகம் செய்தது. இவ்வமைப்பின் சிறப்பு யாது? முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதுமாகப் பிஸ்டன்கள் சோடி சோடியாக ஏறி இறங்குகின்றன. கிராங் தண்டு மூன்றிலொரு பங்கு சுற்றுந்தோறும் ஒரு சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கின்றது. ஒரு சோடியின் அசைவினால் எழும் விசையை மற்றைச் சோடிகள் ஈடுசெய்வதால் எஞ்சின் அதிர்வின்றி ஓடுகின்றது. அதே அமெரிக்கக் குழுமத்தின் ஆங்கிலக் கிளை 1931 இல் லூட்டன் நகரில் தயாரிக்கத் தொடங்கிய பெட்போர்ட் லொறியின் எஞ்சினும் இம்மரபினதே. ஆகவே பெட்போர்ட்டை அறிந்த நமக்கு இது முற்றிலும் அந்நியமான கதையன்று.

மேற்கூறிய லொறிகளுள் சிறியவற்றில் 1953 வரை இருந்தது 216 கன அங்குல எஞ்சின். அதில் பிஸ்டனைத் தாங்கும் கோலின் அடிப்பகுதியிலே, பாபிட் எனப்படும் மென்மையான கலப்புலோகத்தை உருக்கி வார்த்துப் பேரிங் அமைத்திருந்தனர். கோலின் அடியிலுள்ள சிறு அகப்பை தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்ளும். வேகம் கூடும்போது சிறு குழாய்கள் அவ்வகப்பையை நோக்கி எண்ணெயைப் பீச்சும். மெதுவாக ஓடும் லொறிக்கு இது போதுமானது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரைந்து ஓட்டினாலோ பாபிட் தேய்ந்து, பேரிங் தட்டத் தொடங்கும்.

1954 இல் லொறிகளுக்கு வந்த 235 கன அங்குல எஞ்சினில் இக்குறை நீங்கியது. கிராங் தண்டினுள் துளையிட்ட வழிகளால் அழுத்தத்துடன் எண்ணெய் ஒவ்வொரு பேரிங்குக்கும் செல்கின்றது. தேய்ந்த பேரிங் ஓடுகளைக் கழற்றிப் புதியன இடலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருப்பதால் பழைய லொறியில் இதனைப் பொருத்துவது பெருஞ் சிரமமன்று. நீர்ப்பம்பியின் உயரத்தையும், விசிறிக்கும் றேடியேற்றருக்கும் உள்ள இடைவெளியையும் மட்டும் அளந்து பார்த்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 235 என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கலாகாது. 1941 முதல் பெரிய லொறிகளில் வந்த 235 எஞ்சினும் பழைய எண்ணெய் முறையையே கொண்டிருந்தது. மேல்மூடியை எவரும் மாற்றிவிடலாம், வர்ணமும் பூசிவிடலாம். சிலிண்டர் வார்ப்பின் பக்கத்திலுள்ள வார்ப்பு எண்ணே உண்மை கூறும்.

தேர்ந்த பின்னர்ப் புதுக்கும் வேலை. அதன் முதற்படி கழற்றுவது. இரண்டாம் படி கழுவுவது. மூன்றாம் படி அளப்பது. வார்ப்பில் வெடிப்பு உண்டா எனச் சோதிக்காமல் ஒரு சதமேனும் செலவிடலாகாது. சிலிண்டர் மேலும் கீழும் ஒரே விட்டமா, வட்டம் நீள்வட்டமாயிற்றா என்று ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு வரை அளப்பர். தேய்வு மிகுந்திருப்பின் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் பருத்த பிஸ்டன் இடுவர். கிராங் தண்டையும் அவ்வாறே தேய்த்துச் சீராக்குவர். ஈயமற்ற பெற்றோலில் பாரம் இழுக்கவேண்டிய எஞ்சினாயின், புகைபோக்கி வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையங்கள் பதிப்பது நன்று. 216 எஞ்சினாயின் பாபிட்டைப் புதிதாக வார்த்துக் கடைய வேண்டும். எண்ணெய்க் குழாய்களின் குறியையும் அதற்குரிய அளவுகோலால் சரிபார்க்க வேண்டும். எதுவாயினும் முதன்முறை இயக்குமுன் உள்ளே எண்ணெய் நிரம்பியிருத்தல் அவசியம். உலர்ந்த பேரிங் சில நொடிகளிலேயே கெடும்.

இனி, எது ஏற்றது? ஊர்த் தெருவிலும் கண்காட்சியிலும் மெதுவாக ஓடவிருக்கும் லொறிக்கு அதன் சொந்த 216 எஞ்சினே அழகு. நாள்தோறும் தொலைதூரம் செல்பவருக்கு 1954 இற்குப் பிந்திய 235 எஞ்சினே துணை. அவர் கழற்றிய எஞ்சினை இரும்புக் கடைக்கு அனுப்பாது, எண்ணெய் பூசி ஒரு மூலையில் காத்துவைத்தல் வேண்டும். பின்னொரு காலத்தில் உரிமையாளர் எவரேனும் அதனைத் தேடக்கூடும். பாபிட் வார்க்கும் கைத்தொழில் அறிந்தோர் இன்று அருகிவிட்டனர். பழைய எஞ்சின்களைப் புதுக்குவோர் உள்ளவரையிலேயே அத்தொழிலும் நிலைக்கும் என்பதை மாணாக்கர் சிந்திப்பாராக.