கிட்டி வீட்டுக்குப் போன பனியன்காரங்க

ஹலோ கிட்டியின் சிவப்பு ரிப்பன் எந்தக் காதில் இருக்கும்? படத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் பொங்கலூரில் எங்கள் அண்ணன் பனியன் பிரிண்டிங் பட்டறையில் கேட்டால், மை கலக்குகிற பையன்கூடத் தலை நிமிராமல் சொல்லிவிடுவான்: அவளுக்கு இடது காது, பார்க்கிற நமக்கு வலப்பக்கம். ஃபிலிமைத் திருப்பிப் போட்டு ஸ்க்ரீன் எடுத்துவிட்டால் ரிப்பன் காது மாறிவிடும். கிட்டிக்கு மிம்மி என்று ஒரு இரட்டைத் தங்கச்சி உண்டு. அவளுக்கு ரிப்பன் வலது காதில்தான், ஆனால் நிறம் மஞ்சள். ஆகவே வலது காதில் சிவப்பு ரிப்பனோடு ஒரு பூனை வந்து நின்றால் அது அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. அந்த லாட் முழுக்கக் கழிவு.

இப்படிப்பட்ட குடும்பம் அந்தப் பூனையின் சொந்த வீட்டுக்கே போனால் என்ன நடக்கும்? போனோம்! கோயம்புத்தூரில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, டோக்கியோவில் இறங்கி, ஊறுகாய் பாட்டிலும் பருப்புப்பொடியுமாக நான், வீட்டுக்காரர், மகள், அம்மா, அண்ணன் என்று ஒரு படையே போனோம். எங்கம்மா அதுவரை பார்த்திருந்த தீம் பார்க் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் ஒன்றுதான். அங்கேயும் சேலை நனைந்துவிடும் என்று குடையை விரித்து ஓரமாக உட்கார்ந்துவிட்டவர்.

டோக்கியோ என்றால் டிஸ்னிலேண்ட் என்றார் வீட்டுக்காரர். 1983 ஏப்ரல் 15-ல் திறந்தது, அமெரிக்காவுக்கு வெளியே டிஸ்னியின் முதல் பூங்கா என்றெல்லாம் வாதாடினார். வாக்கெடுப்பில் ஒரே ஒரு ஓட்டு, அதுவும் அவருடையது. மகள் கிட்டி பக்கம். மகள் பக்கம் அவள் அம்மிச்சி, அதாவது என் அம்மா. அம்மிச்சி சொன்னால் மாமாவும் அதே பக்கம். முடிந்தது கதை.

ஷின்ஜுகு ஸ்டேஷனில் கேயோ லைன் ரயிலைப் பிடித்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், தமா சென்டர் வந்துவிடும். டோக்கியோவின் மேற்கே, குன்றுகளை வெட்டி 1970களில் எழுப்பிய புதுநகரம் அது. அந்தக் குன்றுகளை இழந்த தனுகி விலங்குகளின் கதையைத்தான் கிப்லி ஸ்டுடியோ 1994-ல் 'பொம்பொகோ' என்று படமாக எடுத்தது. தோட்டமெல்லாம் சைட்டாகிற ஊரிலிருந்து போகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஸ்டேஷனிலேயே அலங்காரம் ஆரம்பித்துவிடுகிறது. சுவரில் கிட்டி, தூணில் கிட்டி. மகள் பிளாட்பாரத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் தூணுக்குப் பக்கத்தில் போய் விரலால் தடவி, "ஸ்டிக்கர்தான், பிரிண்ட் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

கிட்டியின் வீடு என்றால் சான்ரியோ பூரோலேண்ட்தான், அவளை உருவாக்கிய கம்பெனியின் பூங்கா. 1990 டிசம்பர் 7-ல் திறந்தது. முழுக்கக் கூரைக்குள் இருக்கிற பூங்கா. வெயில், மழை எதுவும் உள்ளே வராது. நுழைவு மூன்றாவது தளத்தில். அங்கிருந்து கீழே இறங்க இறங்க ஒரு கிராமமே விரிகிறது. நடுவில் பெரிய மரம் ஒன்று, விளக்கும் முகமுமாக. அதைச் சுற்றித்தான் அணிவகுப்பு. மை மெலடி வருகிறாள், சினமோரோல் வருகிறது, கறுப்புக் குல்லாய் போட்ட குரோமி வருகிறாள், கடைசியில் அவள் வருகிறாள்! ஒளி, இசை, மின்னுகிற உடை. எங்கம்மா கொண்டைக்கு மேலே பூனைக் காது வைத்த தலைப்பட்டையை மாட்டிக்கொண்டு, சுங்குடிச் சேலையில், தேர் பார்க்க வந்த கூட்டத்தில் நிற்பதுபோல எக்கி எக்கிக் கை காட்டிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, கிட்டியும் திரும்பி அவருக்குக் கை காட்டினாள். அதற்கப்புறம் வீட்டுக்காரர் டிஸ்னி பேச்சையே எடுக்கவில்லை.

படம் எடுக்கிற வரிசையில் அம்மாவுக்கு ஒரு சந்தேகம். பக்கத்தில் நின்ற பணிப்பெண்ணிடம் சைகையில் கேட்டார்: "உள்ள யாரு கண்ணு?" நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, கொஞ்சம்கூடத் தயங்காமல், "கிட்டி" என்றாள். அவ்வளவுதான். உள்ளே ஆள் என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "சாமி ஆடுறவங்ககிட்ட உள்ள யாருன்னு கேப்பமா? அந்த மாதிரிதான்" என்றார்.

சாப்பாடு பற்றி ஒரு வரி: சோறு, குழம்பு எல்லாமே அந்தந்தப் பாத்திரத்தின் முகமாகத்தான் தட்டில் வரும். ஆடு, கோழி தின்பவர்களாக இருந்தாலும் ஜப்பான் கறிக் குழம்பில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எல்லோரும் கிட்டியின் முகத்தைப் பார்த்தபோது அண்ணன் பார்த்தது அவள் பாவாடை விளிம்பை. "ஒரு பிசிறு நூல் இல்லையே அம்மிணி" என்றார் என்னிடம், கண் கலங்காத குறையாக. அப்புறம் கடைக்குள் போனோம். அங்கேதான் எங்கள் வண்டவாளம் தெரிந்தது. ஐந்து பேரும், எட்டு வயதுக் குழந்தை உட்பட, ஆளுக்கொரு டீ-சர்ட்டை எடுத்தோம். உள்பக்கம் திருப்பினோம். பக்கத் தையலில் லேபிளைத் தேடினோம். கழுத்து ரிப்பை இழுத்துப் பார்த்தோம். பிரிண்டை விரலால் விரித்து வெடிக்கிறதா என்று பார்த்தோம். திருப்பூர்ப் பக்கத்து ஆளை உலகத்தில் எந்தக் கடையிலும் இந்தச் சாடையை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம். நாங்கள் திருப்பிய துணிகளில் சீனா இருந்தது, வியட்நாம் இருந்தது, வங்கதேசம் இருந்தது. நம்ம ஊர் இல்லை.

சரி, அந்தப் பூனை நம்ம பக்கத்தில் ஒரு குழந்தையின் மார்பில் எப்படி ஏறுகிறாள் என்று கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போமா? அரங்கத்தில் ஆடுவதைவிட அது பெரிய கூத்து.

உரிமம் வாங்கிய பையரிடமிருந்து முதலில் வருவது படம் இல்லை, சட்டம். எந்தச் சிவப்பு, எந்த மஞ்சள் என்று பேன்டோன் நம்பர். மூக்கு எவ்வளவு, கண்ணுக்கும் மூக்குக்கும் இடைவெளி எவ்வளவு, மீசை எத்தனை. பக்கத்துக்கு மூன்று மீசை. வாய் வரையவே கூடாது, அவளுக்கு வாய் கிடையாது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள். நான்கே நிறம்தானே, சுலபம் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலுக்குப் புதுசு. ரோஸ் துணியில் வெள்ளை முகம் போட வேண்டும். வெள்ளை அடிப்பூச்சு மெலிசாக விழுந்தால் துணியின் ரோஸ் எட்டிப் பார்க்கும், கிட்டிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். கனமாக விழுந்தால் மார்பில் அட்டை ஒட்டியதுபோல விறைக்கும், குழந்தை சொறிந்துகொண்டே இருக்கும். நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். ஒன்றின் மேல் ஒன்று முடி அளவுகூட நகராமல் உட்கார வேண்டும். நகர்ந்தால் மஞ்சள் மூக்கு கன்னத்துக்குப் போய்விடும். மீசைதான் எமன். கோடு மெலிசு. வலைக்கண்ணில் மை காய்ந்து அடைத்துக்கொண்டால், நூறு பீஸ் போனபின் பார்த்தால் மீசை ஐந்துதான் இருக்கும். ஆறு இல்லாத பூனைக்கு அப்ரூவல் கிடையாது.

தைத்த பனியனில் பிரிண்ட் போடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கொடுத்த முன்பக்கத் துண்டில்தான் போடுவார்கள். நீளமான டேபிளில் பசை தடவி, துண்டுகளை வரிசையாக ஒட்டி, இரண்டு பேர் ஸ்க்ரீனைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார்கள். ஆட்டோமேட்டிக் மெஷின் இருந்தால் துண்டே சுற்றி வரும். பிறகு கியூரிங் மெஷினில் 150, 160 டிகிரிச் சூடு. அதற்கும் முன்னால் ஸ்ட்ரைக் ஆஃப் என்று ஒரு மாதிரித் துண்டு அடித்துப் பையருக்கு அனுப்ப வேண்டும். சிவப்பு ஒரு நூல் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தால் திரும்பி வரும். மறுபடி அனுப்பினால் மறுபடி வரும். சின்னக் குழந்தைகள் துணி என்றால் மையில் தாலேட் இருக்கக் கூடாது என்று லேப் சோதனை வேறு. எல்லாம் முடிந்து மிச்சம் விழுகிற பீஸ்களைத் திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்குத் தள்ளிவிடவும் முடியாது. உரிமப் பாத்திரம் ஆச்சே, வெட்டி அழித்துக் கணக்குக் காட்ட வேண்டும்.

ஜப்பான் ஆர்டர் என்றால் இன்னொரு சடங்கும் உண்டு. அதுதான் எனக்குப் பிடித்தது. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் வேலை நின்றுவிடும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, ஊசி முழுசாகச் சேர்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு துணுக்குக் குறைந்தாலும் அந்தக் கட்டு நகராது. கடைசியில் பேக்கிங்குக்கு முன் ஒவ்வொரு பீஸும் நீடில் டிடெக்டர் வழியாகப் போகும். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள இரும்புக் குண்டை வைத்துத்தான் அந்த மெஷினையே சோதிப்பார்கள். ஒரு குழந்தைக்கும் குத்திவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவு. பூரோலேண்டில் பிசிறு இல்லாத பாவாடையைப் பார்த்தபோது அண்ணன் உருகினார் என்றால் காரணம் இதுதான்.

இதற்குள் நீங்கள் சிரிக்க வேண்டிய ஒரு விஷயம்: அவள் பூனையே இல்லையாம்! 2014-ல் கிறிஸ்டீன் யானோ என்ற மானிடவியல் ஆய்வாளர் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கண்காட்சிக்காக எழுதிய குறிப்பில் அவளைப் பூனை என்றார். சான்ரியோ திருத்தியது: அவள் சிறுமி, பூனை அல்ல. லண்டன் புறநகரில் வசிக்கிறவள், ஐந்து ஆப்பிள் உயரம், மூன்று ஆப்பிள் எடை. அம்மாவிடம் சொன்னேன். "அப்பறம் எதுக்குடி மீசை?" என்றார். நான் பூனை என்றே எழுதுகிறேன்.

பூங்காவைவிட எனக்குத் தலை சுற்றியது சான்ரியோவின் பழங்கதையில்தான். அது பிறந்தது பொம்மைக் கடையாக அல்ல, பட்டுக் கடையாக! 1960-ல் ஷின்தாரோ ட்சுஜி என்பவர் யமனாஷி சில்க் சென்டர் என்று தொடங்கிய கம்பெனி அது. யமனாஷி பட்டுக்குப் பேர் போன வட்டாரம். அப்புறம் அவர் ரப்பர் செருப்பு விற்றார். அதில் சின்னதாக ஒரு பூ வரைந்து பார்த்தார். பூப் போட்ட செருப்பு பிய்த்துக்கொண்டு போனது. பொருள் அதே, விலை வேறு. பனியன்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆரம்பத்தில் ஸ்னூப்பி மாதிரி அடுத்தவர் பாத்திரங்களை உரிமம் வாங்கி விற்றார். பிறகு, காசை ஏன் வெளியே கொடுக்க வேண்டும் என்று சொந்தமாக ஓவியர்களை வேலைக்கு வைத்தார். 1973-ல் பெயர் சான்ரியோ ஆனது. 1974-ல் யூகோ ஷிமிசு என்ற பெண் ஓவியர் கிட்டியை வரைந்தார். அடுத்த ஆண்டு ஒரு சின்ன வினைல் பர்ஸில், பால் பாட்டிலுக்கும் மீன் தொட்டிக்கும் நடுவே உட்கார்ந்து அவள் கடைக்கு வந்தாள். 1980-ல் அவளை வரையும் பொறுப்பு யூகோ யமகுச்சிக்கு வந்தது. துணிக்காரர் ஒருவர் அடுத்தவர் படத்தை மட்டும் நம்பாமல் சொந்தமாக வரையவைத்ததில் பிறந்தவள் இவள்.

திருப்பூர் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது. ஜப்பானோடு 2011 ஆகஸ்ட் 1 முதல் வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது, நம் ஆடைகளுக்கு அங்கே வரி இல்லை. இருந்தும் ஜப்பான் வாங்குகிற துணியில் இந்தியாவின் பங்கு சொற்பம். அதையெல்லாம் சங்கத்துக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். என் ஆதங்கம் வேறு. உலகத்தில் உள்ள எலி, பூனை, வாத்து, சிலந்தி மனிதன் எல்லாம் எங்கள் டேபிளில் படுத்து எழுந்துதான் போகிறார்கள். எங்களுடையது என்று ஒன்றுகூட இல்லை.

ஒன்று வந்தது, நிலைக்கவில்லை. 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்காக வேட்டி சட்டை கட்டிய குதிரை, 'தம்பி', நினைவிருக்கிறதா? ஆவின் பால் பாக்கெட்டில் இருந்தான், சாலை ஓரமெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றான், குழந்தைகள் அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். போட்டி முடிந்ததும் அவனையும் மூட்டை கட்டிவிட்டோம். கிட்டிக்கு அரை நூற்றாண்டு வயது. தம்பிக்குக் கிடைத்தது சில மாதங்கள்தான்.

அதனால் வரைகிற பிள்ளைகளே, கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் இருந்தாலும் சரி, கைப்பேசியில் கிறுக்குகிறவர்களாக இருந்தாலும் சரி: ஒரு காங்கேயம் காளைக் கன்று, ஒரு கிளி, பெயர் தெரியாத ஏதோ ஒரு பிராணி, எதுவானாலும் வரையுங்கள். வாய் வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். நான்கு நிறத்துக்குள் முடித்துவிடுங்கள், மீசையை மட்டும் கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள். பல்லடத்திலிருந்து காங்கேயம் போகிற ரோட்டில்தான் பொங்கலூர், பஸ்கள் நின்று போகும். ஸ்க்ரீன் எடுக்க அண்ணன் தயாராக இருக்கிறார்.