பத்திரம் இல்லாத தேசம்

நேயர்களில் பலருடைய இல்லங்களில் தாத்தா காலத்துப் பெட்டி ஒன்று இருக்கும். கிரயப் பத்திரம், பட்டா, தீர்வை ரசீது, பாகப் பிரிவினைத் தஸ்தாவேஜு எல்லாம் பழந்துணியில் சுற்றப்பட்டு அதற்குள் உறங்கிக்கொண்டிருக்கும். பெட்டி தொலைந்தாலும் முழு மோசமில்லை. சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் நகல் வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆபீஸும் தொலைந்தால்? கணக்கு எழுதியவரும், நிலம் அளந்தவரும், சாட்சி சொல்ல வேண்டிய அண்டை வீட்டுக்காரருங்கூட மறைந்துபோனால்? இது வெறுங் கற்பனையன்று. அங்கோர் ஆலயங்களின் மூலம் நமக்குப் பெயரளவில் அறிமுகமான கம்போடியாவில் அப்படியே நடந்தது.

1975-ஆம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி கெமர் ரூஜ் படையினர் தலைநகரான புனோம் பென்னைக் கைப்பற்றினர். சில தினங்களுக்குள் சுமார் 20 லட்சம் ஜனங்கள், ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகள் உள்பட, கிராமங்களை நோக்கி விரட்டப்பட்டனர். தனிச் சொத்து என்பதே ஒழிக்கப்பட்டது; நிலப் பதிவேடுகள் நாசமாயின. 1979 ஜனவரியில் போல் பாட் ஆட்சி வீழ்ந்தபோது பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்டிருந்தனர். எஞ்சியவர்கள் நகரத்துக்குத் திரும்பி, காலியாகக் கிடந்த வீடு எதுவோ அதில் புகுந்து அடுப்பு மூட்டினார்கள். அது யாருடைய வீடு என்று கேட்க ஆளில்லை; உடையவனே வந்து நின்றாலும் காட்டுவதற்குப் பத்திரமில்லை.

1979-க்கு முந்திய பாத்தியதை எதுவும் செல்லாது என்று பின்னர் சர்க்கார் தீர்மானித்தது. கேட்பதற்குக் கடூரமாயினும் இதில் ஓரளவு நியாயம் உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது. பழைய கணக்கைக் கிளறியிருந்தால் தேசம் முழுவதுமே ஒரு வழக்கு மன்றமாகியிருக்கும். 1989-இல் தனியார் சொத்துரிமை மீண்டது. 2001-ஆம் வருஷத்து நிலச் சட்டம், அதற்கு முன் 5 வருஷம் தகராறின்றி நிலத்தை அநுபவித்து வந்தவர் பட்டா கோரலாம் என்றது. ஏரி, ஆறு முதலிய பொதுச் சொத்துக்களுக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கில்தான் வினை புகுந்தது.

அதற்கு முன் அகதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1992, 93-இல் தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊர் திரும்பினர். குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் நிலம் தருவதாக முதலில் ஐக்கிய நாடுகள் அதிகாரிகள் நம்பிக்கை அளித்தனர். தேடிப் பார்த்தபோது, நல்ல நிலத்தில் வேறொருவர் இருந்தார். ஆளில்லாத நிலத்திலோ கண்ணிவெடி இருந்தது! பெரும்பாலோர் நிலத்துக்குப் பதிலாக, பெரியவருக்கு 50 டாலர், குழந்தைக்கு 25 டாலர் வீதம் பணத்தைப் பெற்றுக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

நிற்க. புனோம் பென் நகரின் நடுவே பெங் காக் என்றோர் ஏரி இருந்தது. அதன் கரையில் சுமார் 4,000 குடும்பங்கள் குடியிருந்தன. உலக பாங்கியின் உதவியோடு 2002-இல் ஆரம்பமான பட்டாத் திட்டம் நாட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பட்டாக்களை வழங்கிற்று. மெச்சத்தக்க காரியந்தான். ஆனால் ஏரிக்கரைக்கு அளவுக்காரர்கள் வந்தபோது, அவ்விடம் அபிவிருத்திக்கு ஒதுக்கப்பட்டதென்று கூறி ஜனங்களுக்குப் பட்டா மறுக்கப்பட்டது. 2007-இல் ஏரியும் கரையுமாக 133 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 330 ஏக்கர், செனட்டர் ஒருவருடைய கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. 2008 ஆகஸ்டில் குழாய் வழியாக மணல் வந்து ஏரியில் விழத் தொடங்கியது. நீர் எங்கே போகும்? வீடுகளுக்குள் போயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியேறின.

போகாதவர்களை முன்நின்று நடத்தியவர்கள் பெண்மணிகள். அவர்கள் உலக பாங்கியிடமே முறையிட்டனர். தகராறு தீரும்வரை புதுக் கடன் கிடையாது என்று 2011 ஆகஸ்டில் பாங்கி பகிரங்கப்படுத்திய சில நாட்களுக்குள், எஞ்சிய குடும்பங்களுக்கு 12.44 ஹெக்டேர் அளிக்கும்படி பிரதம மந்திரியின் உத்தரவு பிறந்தது. வெறும் மனுக்களால் வருஷக்கணக்கில் அசையாத பேனா, கடன் நின்றதும் அசைந்தது பாருங்கள்!

அளவுச் சங்கிலி சில வீடுகளை வெளியே விட்டுவிட்டது. 2012 மே மாதம், மணலில் புதைந்த தங்கள் வீட்டெல்லையைக் குறிக்க முயன்ற 18 குடும்பங்களுக்குத் துணைநின்ற 13 பெண்கள் கைதாயினர். அவர்களில் 70 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரும் இருந்தார். இரண்டே நாளில் விசாரணை முடிந்து இரண்டரை வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜூன் 27-ந் தேதி அப்பீல் கோர்ட்டு, குற்றம் குற்றமே என்று சொல்லி, மீதித் தண்டனையை மட்டும் நிறுத்திவைத்து அவர்களை வெளியே விட்டது. அவர்களுள் ஒருவரான தெப் வன்னி என்னும் அம்மையார் 2016-இல் மறுபடியும் சிறை புகுந்தார். இரண்டு வருஷம் கழித்து, 2018 ஆகஸ்டில், அரச மன்னிப்பின்பேரில் தம் குழந்தைகளிடம் திரும்பினார். அதற்குள் ஏரி முழுவதும் தரையாகியிருந்தது.