விரதம் பூண்ட வீரன்

விளையாட்டில் வெல்வதற்கு வலிமையும் சூழ்ச்சியும் இருந்தாற் போதும் என்பது பலரது எண்ணம். சதுரங்கத்துத் தேர் எதிர்ப்பட்ட காலாளை வெட்டுமுன் இரங்குவதில்லை. சீட்டாட்டத்துத் துரும்புக்கு மனச்சாட்சி என்பதொன்றில்லை. ஆயின், வலிமை மிக்க ஒருவனைப் படைத்து, "இன்னின்னவற்றை நீ செய்யலாகாது" என்று விதியினாலே அவன் கையைக் கட்டி, அந்தக் கட்டினையே அவனுக்குச் சிறப்பாக்கிய விளையாட்டொன்றும் உண்டு. அவ்வீரனைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களுடன் சிறிது உரையாட விரும்புகின்றோம்.

அமெரிக்க நாட்டவரான காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கி 1974 ஆம் ஆண்டில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே அவ்விளையாட்டு. நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வாள்வீரன், மந்திரவாதி, கள்வன், பூசகன் என ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, கதையில் வரும் இடர்களுக்குத் தத்தம் பாத்திரத்தின் வாயினால் விடை கூறுவர். 1911 இல் திறக்கப்பெற்ற மருதானை டவர் மண்டபத்திலே அரிதாரம் பூசி அரசராயும் அமைச்சராயும் ஆடியோரைக் கண்டது நமது ஊர். அங்கே பேசவேண்டிய வசனம் முன்னரே எழுதப்பட்டிருந்தது. இங்கே அஃது இல்லை. வீசிய வாள் பட்டதோ தவறியதோ என்பதைப் பகடை சொல்லும். வாளை வீசுவதா, விடுவதா என்பதை ஆடுவோனே சொல்லவேண்டும். 1980 களில் அமெரிக்கப் பெற்றார் சிலரும் சமயக் குழுவினர் சிலரும் இதனைப் பேய்வழிபாடு என்று அஞ்சி எதிர்த்தனர். விளையாட்டினுள்ளே இத்தகைய வீரனொருவன் இருந்ததை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

'பாலடின்' என்பது அவ்வீரனின் பெயர். அரண்மனையைச் சார்ந்தவன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சார்லமேன் பேரரசனின் பன்னிரு பெருவீரரைப் பிற்காலக் கதைகள் இப்பெயரால் வழங்கின. போல் அன்டர்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1961 இல் நூலாக வெளியிட்ட 'மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்' என்னும் நாவல், அப்பழைய வீரனைப் புதுக்கோலத்திலே நிறுத்தியது. அதன் சாயலில் 1975 இல் இவன் விளையாட்டினுள் நுழைந்தான். நாம் இவனை அறவீரன் என்று அழைப்போம்.

எல்லாரும் அறவீரர் ஆகிவிட இயலாது. பிறரைத் தன்பால் ஈர்க்கும் ஆளுமை இவனுக்கு 17 புள்ளிக்குக் குறையலாகாது என்பது அன்றைய விதி. மூன்று பகடைகளை உருட்ட வருந்தொகையே புள்ளி. அவை விழக்கூடிய வகைகள் 216. அவற்றுள் 17 அல்லது 18 ஐத் தருவன நான்கே. 54 பேரில் ஒருவனுக்கே அந்தத் தகுதி கிட்டும் என்பது கணக்கு. (கணித ஆசிரியர்கள் நிகழ்தகவு கற்பிக்கையில் இவ்வுதாரணத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.)

1978 இல் வெளிவந்த விதிநூல் இவனுக்கு அளித்த வரங்கள் பல. தொட்ட மாத்திரத்தில் காயம் ஆற்றுவான். தன்னை நோய் அணுகாது, பிறர் நோயையும் தீர்ப்பான். தீமை அருகிலிருப்பதை உணர்வான். நான்காம் படியை எட்டியதும் போர்க்குதிரை ஒன்றையும் வரவழைக்கலாம். இவற்றுக்கு ஈடாக அவன் ஏற்கவேண்டிய விரதமோ கடுமையானது. பொருள் சேர்த்து வைத்தல் கூடாது. வருவாயில் பத்திலொன்றை அறத்துக்கு ஈந்துவிடவேண்டும். மந்திர ஆற்றல் உள்ள பொருள்கள் பத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. அறிந்தும் விரும்பியும் தீச்செயல் ஒன்றைச் செய்தானாயின், அக்கணமே அறவீரன் என்னும் நிலை போய்விடும். கழுவாய் ஏதும் கிடையாது. அன்றுமுதல் அவன் வெறும் வாள்வீரனே.

வரங்களுக்காகவே பலர் இவனைத் தெரிவு செய்கின்றனர். அவை மற்றைப் பாத்திரங்களுக்கும் வேறு வேறு வடிவிற் கிடைக்கின்றன. பூசகனும் காயம் ஆற்றுவான். இவனுக்கே உரியது அந்த விரதந்தான் என்பது எமது கருத்து. அதனை எதிர்ப்போர் சொல்வதையும் கேட்கவேண்டும். அறவீரன் ஒருவன் சேர்ந்தால் ஆட்டம் கெட்டது என்பார் உளர். கள்வனைத் திருடவிடான், பொய்யுரைக்க விடான், கூடவந்த நால்வருக்கும் உபாத்தியாயர் ஆகிவிடுவான் என்பது அவர்களது குறை.

மருதானையிலே நாம் கற்பிக்கும் கல்லூரியின் மாணவர் சிலர், வகுப்பு முடிந்தபின் இவ்வாட்டத்தை ஆடுவதுண்டு. ஒருநாள் அவர்களுட் பெரும் வாக்குவாதம். கதையில் கொள்ளைத் தலைவன் ஒருவன் தோற்று, வாளைக் கீழே போட்டுப் பணிந்துவிட்டான். கொன்றுவிடுவோம் என்றனர் மூவர்; அறவீரனாய் இருந்த மாணவன் மறுத்தான். அன்றிரவு எல்லோரும் உறங்குகையில் அக்கொள்ளையன் கட்டை அறுத்துக்கொண்டு, பொன்மூட்டையுடன் மறைந்தான்.

"சேர், இவனால எங்கட சாமானெல்லாம் போச்சு. முடிச்சுவிடுவம் எண்டு சொன்னம், இவன் விடேல்லை," என்று முறையிட்டனர்.

"ஆயுதத்தைப் போட்டவனை வெட்டேலாது, சேர்," என்றான் அவன்.

"சரி, அவனைக் காவல் செய்தது யார்?" என்று கேட்டோம். ஒருவரும் இல்லை. அறவீரனும் நன்றாக உறங்கியிருக்கிறான்! கொல்லக்கூடாது என்பது அவனது விரதமாயின், விடியும்வரை விழித்திருப்பதும் அவனது கடனே அன்றோ? விரதத்தின் பெருமையைத் தான் எடுத்துக்கொண்டு, அதன் செலவைத் தோழர் தலையில் சுமத்தும் அறவீரனே ஆட்டத்தைக் கெடுப்பவன். மறுவாரம் மற்றொரு கைதி அகப்பட்டபோது, இரவுக் காவலைத் தானே ஏற்பதாக அவன் சொன்னானாம். அதன்பின் தோழர் குறைகூறவில்லை.

மேலைநாட்டுக் கதையிற் பிறந்தவன் ஆதலால் இவன் நமக்கு அந்நியன் என்று கொள்ளவேண்டா. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், அறுபத்துமூவருள் வாளேந்தியோர் பலர் உளர். திருநீடூர் முனையடுவார், போரில் தோற்று வந்தவர்க்காகக் கூலிபெற்றுப் போர்செய்து, பெற்ற பொன்னை அடியார்க்கே அளித்தவர். பத்திலொன்றோடு நிறுத்தும் நமது அறவீரன் அவர்முன் கொஞ்சம் கருமியாகவே தோன்றுவான்.

தோழர்படும் பாட்டுக்கு மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றைக் காண்க. அடியார் வேடம் பூண்டு, ஏட்டுக்கட்டினுள் படைக்கலத்தை மறைத்து வந்த முத்தநாதன், அரசரைக் குத்திவிடுகிறான். மெய்காவலன் தத்தன் வாளை ஓங்குகிறான். வீழ்கின்ற அரசரோ அவனைத் தடுத்து, இவரை ஊரவர் தீங்கு செய்யாது எல்லைவரை கொண்டுபோய் விடுக என்று பணிக்கிறார். விரதம் அரசருடையது; கைகளை அடக்கிக்கொண்டு கொலைஞனுக்குத் துணைபோக நேர்ந்ததோ தத்தனுக்கு! அவன் அதனைச் செய்து முடித்து மீண்டுவந்து சொல்லும்வரை அரசர் உயிர் தாங்கியிருந்தார். தம் விரதத்தால் துணைவனுக்கு வந்த சுமையை அரசர் அறிந்திருந்தார் என்பதே நாம் இங்கே காண்பது.

பிற்காலத்து விதிநூல்கள் கட்டினைத் தளர்த்தின. 2008 இன் நூல் அறவீரனுக்கு நன்னெறியாளனாய் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை நீக்கிற்று. 2014 இன் நூலிலோ சபதங்கள் பல. பக்திச் சபதமும் உண்டு, பழிவாங்கும் சபதமும் உண்டு. ஆடுவோன் தன் மனத்துக்கு உகந்ததை ஏற்கலாம். பழையவர்கள் இதனைக் கண்டு வருந்துகின்றனர். ஒருவனே தெரிந்து ஏற்ற சபதம், பிறர் விதித்த கட்டளையினும் நன்று என்றே நாம் கருதுகிறோம். பழைய நூலைக் கையிற் பிடித்த கதைநடத்துவோர் சிலர், எதைச் செய்தாலும் தீச்செயல் ஆகுமாறு கண்ணிவைத்து, அறவீரனை வீழ்த்தி மகிழ்வர் என்பதும் உண்மை. ஆனாற் புதிய சபதத்திலும் ஏதேனும் ஒன்றை இழக்க நேரவேண்டும். எதனையும் இழக்கச் செய்யாத சபதத்துடன் ஆடுவதிலும், வாள்வீரனாகவே ஆடிவிடலாம்.

இக்கண்ணி வைக்கும் வித்தையைப் பற்றி மாணவர் கேட்டபோது, ஏனாதிநாதர் கதையைக் கூறினோம். அவர் எயினனூரில் வாட்பயிற்சி அளித்து, அவ்வூதியத்தை அடியார்க்கு ஈந்து வாழ்ந்தவர். பொறாமைகொண்ட தாயாதியாகிய அதிசூரன் நேர்ப்போரில் தோற்றான். பின்பு தனிப்போருக்கு அழைத்து, ஒருநாளும் நீறு அணியாத நெற்றியில் நீறணிந்து, அதனைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்தான். நெருங்கியதும் கேடயத்தை விலக்கினான். நீற்றைக் கண்டவர் கொல்லும் எண்ணத்தை விட்டார். ஆயினும் வாளையும் கேடயத்தையும் கீழே போடவில்லை. போட்டுவிட்டால், ஆயுதமில்லாதவனைக் கொன்றான் என்னும் பழி எதிரியைச் சேருமே என்று எண்ணி, போரிடுவார் போலவே நின்றார்.

வஞ்சகன் அணிந்த நீறு அது. வெட்டியிருந்தால் 1978 இன் விதிநூலும் அவரைத் தண்டித்திராது.

கேட்டிருந்த மாணவருள் ஒருவன், "அந்த இடத்தில பகடை உருட்டத் தேவையில்லையா, சேர்?" என்றான். தேவையில்லை என்றோம்.