‘வருது சார்’ என்ற பதிலை எத்தனை வினாடி நம்புவது?

பென் டிரைவுக்குப் படம் ஒன்றை நகலெடுக்கும்போது 99 சதவீதம் வரை விறுவிறுவென ஓடிய பட்டை அங்கேயே நின்றுவிடுகிறது. பென் டிரைவ் செத்துவிட்டதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் இல்லை. லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் கோப்பை முதலில் கணினியின் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கின்றன. பட்டை காட்டியது அந்த வேகத்தை. பென் டிரைவில் எழுதும் வேலை பின்னால்தான் நடக்கிறது. ஆனால், வாசகரின் அதே சந்தேகம் கணினிக்குள் இருக்கும் டிரைவர் மென்பொருளுக்கும் உண்டு: எதிர்முனை மெதுவாக இருக்கிறதா, உயிரே இல்லையா?

யுஎஸ்பி 2.0 முறையில், தரவை வாங்கத் தயாராக இல்லாத சாதனம் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று பொருள்படும் சிறு சமிக்ஞையை அனுப்பும். அதற்கு நாக் என்று பெயர். இப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். இதைச் சொல்வது பொதுவாக பென் டிரைவின் மூளையான நிரல் அல்ல, வாசலில் நிற்கும் மின்சுற்று. உள்ளே நிரல் உறைந்துபோனாலும் வாசல் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஓட்டலில் தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். ‘வருது சார், வருது’ என்கிறார் சர்வர், சமையலறையை எட்டிக்கூடப் பார்க்காமல். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகமோ விசித்திரமான தோசைக்கல். ஒரு தோசையை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாவு ஊற்ற முடியாது. நல்ல தோசைகளை வேறு கல்லுக்கு மாற்றி, முழுக் கல்லையும் சுரண்டித் துடைத்த பிறகே புது மாவு. ஒரு கல்லைத் துடைக்கச் சில மில்லிவினாடி போதும். காலிக் கல்லே இல்லாமல் வரிசையாகத் துடைக்க நேர்ந்தால், மலிவான பென் டிரைவில் அது வினாடிக்கணக்கில் நீளும். மாஸ்டர் கல் துடைக்கிறாரா, மயங்கி விழுந்துவிட்டாரா? சர்வரின் பதிலிலிருந்து தெரியாது. கடிகாரத்தைப் பார்ப்பது ஒன்றே வழி.

லினக்ஸ் வழக்கமாக ஒரு கட்டளைக்கு 30 வினாடி கெடு வைக்கிறது. கெடு தாண்டியதும் அது பதற்றப்படுவதில்லை என்பதுதான் அழகு. முதலில் அந்த ஒரு ஆர்டரை மட்டும் ரத்து செய்து பார்க்கும். அதற்கும் மசியாவிட்டால் புது ஆர்டர் எடுப்பது நிற்கும். ஏற்கெனவே சொன்னவை எல்லாம் வந்து சேரும்வரை, அல்லது அவற்றின் கெடுவும் தீரும்வரை, மீட்பு வேலை தொடங்காது. பிறகு மாஸ்டரை உலுக்கும்: சாதன மீளமைப்பு. அடுத்து அடுப்பையே அணைத்துப் பற்றவைக்கும்: யுஎஸ்பி போர்ட் மீளமைப்பு. இடையிடையே ‘தயாரா?’ என்று கேட்கும் ஆறு பைட் கட்டளை ஒன்றைப் போட்டுப் பார்க்கும். எதற்கும் பதில் இல்லாவிட்டால்தான் கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றும். அந்தச் சாதனத்தோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

‘தயாரா?’ போன்ற இந்தக் கட்டளைகளின் மொழிக்கு ஸ்கஸி என்று பெயர். அது 1986இல், வன்தட்டு போன்ற சாதனங்களுக்காகத் தரப்படுத்தப்பட்டது. 2000வாக்கில் கடைக்கு வந்த பென் டிரைவ் அதையே யுஎஸ்பி உறையில் போட்டுப் பேசுகிறது. வரலாறு போதும், கெடுவுக்குத் திரும்புவோம்.

அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகத்தை நம்பி இந்தக் கெடுவை நிர்ணயிக்க முடியாது. பெரும்பாலும் அது படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதைவிட வெகு குறைவு. தர விதிகளையே முழுதாக நம்ப முடிவதில்லை. பென் டிரைவின் உறவான எஸ்டிஹெச்சி நினைவக அட்டை ஒரு எழுத்துவேலையை 250 மில்லிவினாடிக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. லினக்ஸின் எஸ்டி டிரைவரோ 3 வினாடி வரை பொறுக்கிறது. 300 மில்லிவினாடிகூடச் சில அட்டைகளுக்குப் போதவில்லை என்ற குறிப்பு அதன் மூலநிரலிலேயே இருக்கிறது.

கெடுவைக் குறைத்தால் பென் டிரைவ் வேகமெடுக்கும் என்று சொல்லும் குறிப்புகளை ஒதுக்குங்கள். நிதானமாக வேலை செய்யும் சாதனத்தை அவை வீணாக உலுக்கவே உதவும். நகலெடுத்து முடித்ததும் ‘பாதுகாப்பாக அகற்று’ கட்டளையைக் கொடுத்து, அது முடியும்வரை காத்திருங்கள். லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவேட்டில் மீளமைப்பு வரிகள் அடிக்கடி தென்பட்டால் வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றிப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால் தரவை உடனே வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, அந்தச் சாதனத்துக்கு ஓய்வு கொடுங்கள்.