ஹாவெலினாவும் ஒற்றைக் குண்டும்

அரிசோனாவின் தென்பகுதியில் பிப்ரவரி விடியற்காலை நடுக்கி எடுக்கும். பாலைவனம் என்றதும் நாம் நினைக்கிற வெக்கை அந்த மாதத்தில் கிடையாது. பள்ளத்தாக்குகளின் அடியில் இரவுக் குளிர் தேங்கிக் கிடக்கும். பாறைக் குடைவில் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்த கூட்டம், சரிவில் வெயில் விழுந்ததும் மெல்ல வெளியே வரும். கறுப்பும் சாம்பலும் கலந்த முரட்டு மயிர், கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டை, மெலிந்த குட்டைக் கால்கள். இதுதான் ஹாவெலினா.

பார்வைக்குப் பன்றி. ஆனால் பன்றிக் குடும்பத்தில் இதைச் சேர்க்க முடியாது. பெக்கரி என்ற தனிக் குடும்பம் இது, அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. பன்றியின் மேல் கோரைப்பல் வளைந்து மேலே திரும்பும். இதற்கோ நேராகக் கீழே இறங்கி, வாய் மூடும்போதெல்லாம் கீழ்ப்பல்லோடு உரசித் தன்னையே தீட்டிக்கொள்ளும். பின்னங்காலில் குளம்புகள் மூன்றுதான். குட்டிகள் பெரும்பாலும் இரண்டு. வளர்ந்த விலங்கு 15 முதல் 25 கிலோ இருக்கும். ஸ்பானியர்கள் தங்கள் ஊர்க் காட்டுப்பன்றியின் பெயரை இதற்கு வைத்தார்கள். அந்தப் பெயருக்குள் மலையைக் குறிக்கும் அரபுச் சொல் ஒளிந்திருக்கிறது.

இதன் தீனியைப் பார்த்தால் நம் ஊர்ப் பொட்டல் நினைவுக்கு வரும். சப்பாத்திக்கள்ளி, கற்றாழை இனங்கள், வேலிக்காத்தானுக்கு உறவான மெஸ்கீட் மரத்தின் நெற்று. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியும் ரயில் பாதையோர ஆனைக்கற்றாழையும் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவைதானே! கள்ளி மடலை முள்ளோடு கடித்து இழுத்து, நார் தொங்க விட்டுப் போயிருந்தால் கூட்டம் அந்த வழியாக வந்திருக்கிறது என்று வேட்டைக்காரர் கண்டுகொள்வார்.

ஹாவெலினாவுக்குக் கண் மந்தம். அசையாமல் நின்றால் அருகிலிருக்கும் ஆளையும் தவறவிடும். அந்தக் குறையை மூக்கு ஈடுகட்டுகிறது. வாலுக்குச் சற்று மேலே முதுகில் ஒரு வாசனைச் சுரப்பி உண்டு. இரண்டு விலங்குகள் தலைமாறி நின்று, ஒன்றின் சுரப்பியில் மற்றது முகத்தைத் தேய்த்துக்கொள்ளும். இப்படிக் கூட்டம் முழுவதும் ஒரே மணம் ஏறிவிடுகிறது. அந்த மணத்தில் சேராத எதுவும் அந்நியம்தான்.

வேட்டைக்காரர் கையில் இருப்பது குழலின் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்றால் இந்த மூக்கு இன்னும் பெரிய தடையாகிவிடுகிறது. நம் ஊர் நாட்டுத்துப்பாக்கியின் முறைதான். வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 சேர்ந்த கருமருந்தை அளந்து குழலுக்குள் கொட்டுவார்கள். எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கோலால் இடித்து மருந்தோடு ஒட்ட இறக்குவார்கள். இடையே வெற்றிடம் விட்டால் குழலே வெடித்துவிடலாம். அதனால் குண்டு சரியாக இறங்கியதை அறியக் கோலில் ஒரு கோடு போட்டு வைப்பது வழக்கம். குழலின் உட்சுவரில் சுழன்று ஓடும் வரிப்பள்ளங்களைத் துணிதான் கவ்விக் குண்டைச் சுழல வைக்கிறது. கடைசியாக, தட்டினால் வெடிக்கும் கேப்பைப் பொருத்தி, விசையை இழுத்தால் குதிரை எனும் சுத்தி அதன்மேல் விழும், பொறி உள்ளே பாயும்.

மறுபடி கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே கணக்கில் ஒரே குண்டு, அதுவும் பழைய பாணி உருண்டைக் குண்டானால் நூறு மீட்டருக்குள். தொலைநோக்கி பூட்டிய நவீன வகைகளும் உண்டு. என் மதிப்பெல்லாம் பழைய முறைக்கே. விலங்குக்குத் தப்ப இடம் தருவதும், வேட்டைக்காரரை அதன் வாழ்க்கையைப் படிக்க வைப்பதும் அதுதான்.

படிக்க வேண்டிய முதல் பாடம் காற்று. விடியலில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கும். வெயில் ஏறிப் பாறை சூடானதும் அதே காற்று திரும்பி மேலே ஏறும். எதிர்ச்சரிவில் தொலைநோக்கியால் கூட்டத்தைக் கண்டுவிட்டு, கீழிறங்கும் காற்றை நம்பி அடிவாரம் வழியாக நெருங்குகிறவர், பாதி வழியில் காற்று திரும்பினால் அத்தனை நடையையும் இழப்பார். தெரிந்தவர்கள் மெல்லிய பொடியைச் சிறிது தூவிப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

கருமருந்து எரிந்ததில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. சுட்டதும் எழும் அடர்ந்த வெண்புகை அதனால்தான். அந்தப் புகைக்குப் பின்னால் கூட்டம் உறுமி, பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டு எல்லாத் திசையிலும் சிதறும். ஒன்றிரண்டு ஆளை நோக்கியே ஓடிவரும். பாய்ந்து தாக்குகிறது என்று கதை கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கண் தெரியாமல் தப்பி ஓடுகிற விலங்கு. இந்த அவப்பெயரை அதன் தலையில் ஏற்றியது எனக்கு வருத்தமே.

உரிக்கும்போது சுரப்பி தோலோடு சேர்ந்து வந்துவிடும். அதைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடக் கூடாது. அன்றிரவே துப்பாக்கியையும் வெந்நீர் ஊற்றிக் கழுவியாக வேண்டும். குழலுக்குள் படிந்த உப்புக் கசடு ஈரத்தை இழுத்து, பாலைவனத்திலும் இரும்பைத் துருவேற்றிவிடும்.